கொள்முதற் செலவைச் சுருக்குதலும் விளைவின் தரம் காத்தலும்

(கடையநல்லூர் வட்டாரத்து நெற்சாகுபடியாளர்க்கும் கிராம உத்தியோகஸ்தர்க்கும் உரிய பாடம்)

வேளாண்மைச் செலவு இருவகைப்படும். நிலத்திலும் தொழுவத்திலும் கிடைப்பவற்றைக் கொண்டு செய்வது ஒருவகை. கையிலுள்ள பணத்தைக் கொடுத்துக் கடையில் வாங்கும் பொருள்களுக்கு ஆவது மற்றொரு வகை. முற்காலத்தில் விதை வீட்டுக் குதிரிலிருந்தும், எரு தொழுவத்திலிருந்தும், தழை மலையடிவாரத்திலிருந்தும் வந்தமையால் பின்னைய செலவு சொற்பமாயிருந்தது. இக்காலத்திலோ விதை, இரசாயன உரம், பூச்சி மருந்து, களைக்கொல்லி ஆகிய யாவும் விலைக்கு வாங்கப்படுகின்றன. ஆகவே பணம் குறைந்த பருவத்தில் சாகுபடியாளர் முன்னிற்கும் கேள்வி யாதெனில், எதை வாங்குவது, எதை விடுவது என்பதேயாம். இதற்குத் தக்க விடை காணாதவர் செலவைக் குறைப்பதாக எண்ணி வரவைக் குறைத்துக்கொள்வர்.

கடையநல்லூர் வட்டாரத்திற்கு இக்கேள்வி மிகவும் பொருந்தும். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி திருநெல்வேலியினின்று பிரிக்கப்பட்ட தென்காசி ஜில்லாவில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இவ்வட்டாரம் அமைந்துள்ளது. சொக்கம்பட்டிக்கு மேற்கேயுள்ள கருப்பாநதி அணையும், அதன் நீரைப் பெறும் கால்வாய்களும் குளங்களுமே இங்குள்ள நஞ்சைக்கு ஆதாரம். தென்மேற்குப் பருவக்காற்றின் சாரலைக் கொண்டு ஆனியில் கார் சாகுபடியும், வடகிழக்குப் பருவமழையைக் கொண்டு புரட்டாசி ஐப்பசியில் பிசான சாகுபடியும் தொடங்குகின்றன. மழை பிந்தினால் நடவு பிந்துகிறது. கார் பொய்த்தால் பிசானத்திற்கு வைத்திருக்கும் பணம் கரைகிறது. அவ்வாறான ஆண்டில் முன்போல வாங்க இயலாது. எல்லாப் பொருளிலும் நான்கிலொரு பங்கைச் சமமாகக் குறைத்து வாங்குவதே பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழி. இது பார்வைக்கு நியாயமாகத் தோன்றினும் பயிருக்கு நியாயமன்று. பயிர் எல்லாப் பொருளையும் சமமாக வேண்டுவதில்லை.

மூன்று தேசங்கள் கற்பிக்கும் பாடம்

ஒரு குடும்பத்திற்கு நேர்வது சில வேளைகளில் ஒரு தேசத்திற்கும் நேர்கிறது. அண்மைக் காலத்தில் மூன்று தேசங்கள் வேளாண்மைப் பொருள்களுக்காகும் பணத்தைச் சுருக்கின. அவற்றின் அனுபவத்தை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடைத்து.

முதலாவது இந்தோனேசியா. அங்கே சர்க்கார் பூச்சி மருந்தின் விலையில் பெரும்பகுதியைத் தானே ஏற்று, குடியானவர்க்கு மலிவாகக் கொடுத்துவந்தது. மருந்து மிகுந்த இடங்களிலேயே புகையான் பூச்சி மிகுந்தது. மருந்து புகையானை உண்ணும் சிலந்தி முதலிய நற்பூச்சிகளைக் கொன்றமையே இதற்குக் காரணமென ஆராய்ச்சியாளர் கண்டனர். 1986-ஆம் ஆண்டு நவம்பரில் அத்தேசத்து அதிபர் சுகார்த்தோ 57 வகை மருந்துகளை நெல்லுக்கு உபயோகிக்கலாகாதெனத் தடுத்தார். மருந்துக்கான மானியமும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முற்றும் நிறுத்தப்பட்டது. வயலிலேயே குடியானவர்க்குப் பூச்சிகளை இனங்காணக் கற்பிக்கும் பள்ளிகள் அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்டன. செலவு பெரிதும் குறைந்தது; நெல் விளைவோ குறையவில்லை.

இரண்டாவது நமது இந்தியா. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உர மானியம் சத்துக்கேற்ப நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் யூரியா இவ்வேற்பாட்டில் சேர்க்கப்படாமல் பழைய மலிவு விலையிலேயே நின்றது. மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலை அடுத்த இரண்டாண்டுகளில் மிகவும் ஏறிற்று. குடியானவர் விலையேறிய உரங்களைக் குறைத்து, விலையேறாத யூரியாவை விடாமல் வாங்கினர். 2009-10-இல் தேசம் முழுவதிலும் உபயோகிக்கப்பட்ட தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றின் விகிதம் ஏறத்தாழ 4:2:1 ஆக இருந்தது. 2012-13-இல் அது ஏறத்தாழ 8:3:1 ஆயிற்று. இங்கே எதைக் குறைப்பது என்பதைப் பயிரின் தேவை முடிவு செய்யவில்லை. கடை விலையே முடிவு செய்தது.

மூன்றாவது இலங்கை. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரங்களையும் மருந்துகளையும் இறக்குமதி செய்தலை அங்குள்ள அரசாங்கம் ஒரேயடியாகத் தடுத்தது. மக்களின் சுகாதாரம் காரணமாகக் கூறப்பட்டது. அந்நியச் செலாவணி அருகியிருந்தமையும் அக்காலத்து நிலைமையாகும். இயற்கை எரு நல்லதே. எனினும் அத்தேசத்து வயல்கள் அனைத்திற்கும் போதிய எரு அப்போது ஆயத்தமாக இல்லை. அவ்வாண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது பெரும்போகத்திற்குக் காலம் கடந்துவிட்டது. அப்போக நெல் விளைவு பெரிதும் குன்றியது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு பெற்றிருந்த தேசம் அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது. அத்துடன், தடைக்காலத்தில் சீனத்திலிருந்து வாங்க ஏற்பாடு செய்த இயற்கை உரத்தின் மாதிரியில் பயிர்க்குத் தீங்கு செய்யும் நுண்ணுயிர் இருப்பதாக இலங்கையின் பரிசோதனைச் சாலை 2021 செப்டம்பரில் அறிவித்தது. விற்றவர்கள் அதை மறுத்தனர். சரக்கு தேசத்தில் இறக்கப்படவில்லை. எனினும் வழக்கிற்குப் பின் 2022 ஜனவரியில் சுமார் 67 லட்சம் டாலர் அந்நிறுவனத்திற்குக் கொடுக்கப்பட்டது.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே உண்மை புலப்படும். இந்தோனேசியா பயிருக்கு வேண்டாததை அளந்து அறிந்து குறைத்தது. ஆகவே தரமும் விளைவும் நின்றன. இந்தியாவில் விலையேறியது குறைக்கப்பட்டது; ஆகவே சத்துக்களின் சமநிலை கெட்டது. இலங்கையில் மாற்று ஆயத்தமாகுமுன் யாவும் நிறுத்தப்பட்டன. ஆகவே விளைவு வீழ்ந்தது. செலவைச் சுருக்க விரும்புவோர் முதலில் அளக்க வேண்டும். பின் மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும். அதன் பின்னரே குறைக்க வேண்டும். இவ்வரிசையைக் கடையநல்லூர் வயல்களில் எங்ஙனம் அனுஷ்டிப்பது என்பது இனிக் கூறப்படும்.

தரத்தின் விலை எவ்வளவு

குறைப்பதற்கு முன் குறைவினால் நேரும் நஷ்டத்தைக் கணக்கிட வேண்டும். ஓர் ஏக்கரில் 20 குவிண்டால் நெல் விளைவதாகக் கொள்வோம். 2025-26-ஆம் ஆண்டிற்கு மத்திய சர்க்கார் சாதாரண ரக நெல்லுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். விளைவில் நூற்றிலொரு பங்கு குறைந்தால் 20 கிலோ நெல், அதாவது சுமார் 474 ரூபாய் நஷ்டமாகும். ஆகவே ஏக்கருக்கு 200 ரூபாய் மிச்சம் பிடிக்கும் ஒரு சிக்கனம் விளைவை நூற்றிலொரு பங்கு குறைக்குமாயின் அது சிக்கனமன்று, இருமடங்குக்கு மேற்பட்ட நஷ்டமேயாம். எந்தப் பொருளைக் குறைக்க எண்ணினும் இக்கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

குறைக்கலாகாத பொருள்: விதை

மொத்தச் செலவில் விதைக்காகும் பங்கு சிறிது. ஆனால் அது கெட்டால் உரமும் நீரும் கூலியும் வீணாகும். ஆகையால் பணம் எவ்வளவு குறைந்தாலும் விதையின் தரத்தைக் குறைக்கலாகாது. விதையின் அளவைக் குறைப்பதோ வேறு விஷயம். அது பெரும்பாலும் நன்மையே பயக்கும்.

நடுத்தர வயதுடைய ரகங்களுக்கு ஏக்கருக்கு 16 கிலோவும், குறுகிய வயதுடைய ரகங்களுக்கு 24 கிலோவும் சாதாரண நடவிற்குப் போதுமென்பது சிபார்சு. இதற்கு இருமடங்கு நாற்றங்காலில் இறைப்பவர் பலர். நெருக்கமான நாற்று மெலிந்து வளரும். மெலிந்த நாற்றைக் குத்துக்கு ஐந்தும் ஆறுமாக நடுவதால் விதையும் வீண், தூரும் குறைவு. 1910-ஆம் ஆண்டிற்குச் சற்று முன்பின்னாகவே சென்னை மாகாண விவசாய இலாகா ஒற்றை நாற்று நடவைக் குடியானவரிடையே பரப்ப முயன்றது. பின்னர் 1980-களில் மடகாஸ்கர் தீவில் வகுக்கப்பட்டு, இப்போது திருந்திய நெற்சாகுபடி என வழங்கும் முறையில் ஏக்கருக்கு 3 கிலோ விதையே போதுமானதாகிறது. ஆனால் அதற்குச் சமப்படுத்திய வயலும், இளநாற்றைப் பேணும் கைத்திறனும், நீரை வேண்டியபோது விடவும் வடிக்கவும் வசதியும் வேண்டும். அவை இல்லாதவர் அதைச் சிறு பரப்பில் செய்து பார்த்தபின்னரே விரிவாக்க வேண்டும்.

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வதாகையால், ஒருமுறை வாங்கிய சான்று விதையை மூன்று பருவம் வரை தாமே பெருக்கிக்கொள்ளலாம். வயலின் நடுப்பகுதியில் செழித்த இடத்தைத் தேர்ந்து, உயரத்திலும் கதிரிலும் வேறுபட்ட பயிர்களைப் பூக்கும்போதும் முற்றும்போதும் பிடுங்கி எறிந்து, அவ்விடத்தைத் தனியே அறுத்து, ஈரம் 13 சதவீதத்திற்கு மேற்படாமல் உலர்த்திச் சேமிக்க வேண்டும். இவ்வாறு எடுத்த விதைக்கும் கடையில் வாங்கிய விதைக்கும் இரண்டு சோதனைகள் அவசியம்.

முதலாவது முளைப்புச் சோதனை. எண்ணிய 100 விதைகளை நனைத்த சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, ஈரம் காயாமல் ஒரு வாரம் வைத்திருந்து முளைத்தவற்றை எண்ணுக. 80-க்குக் குறைந்தால் அவ்விதை சான்று விதைக்குரிய அளவை எட்டவில்லை, அதை மாற்றுக. இரண்டாவது உப்புநீர்ச் சோதனை. ஒரு பாத்திரத்து நீரில் புதிய கோழிமுட்டையொன்றை இட்டு, அது மேலே மிதந்து ஒரு சிறு நாணயத்தின் அகலம் நீருக்கு வெளியே தோன்றும் வரை உப்பைக் கரைக்க வேண்டும். அந்நீரில் விதையை இட்டால் பதரும் அரைமணியும் மிதக்கும். மிதந்தவற்றை நீக்கி, மூழ்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி உபயோகிக்கலாம். இச்சோதனைக்கு ஆகும் செலவு உப்பின் விலையே.

விலைக்கு வாங்கும் விதைப்பையில் சான்று விதைக்கு நீல நிற அட்டையும், ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும் கட்டப்பட்டிருக்கும். அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும் வரை பத்திரப்படுத்தல் வேண்டும். அவையின்றி முறையீடு நிற்காது.

அளந்து குறைக்க வேண்டிய பொருள்: உரம்

உரத்தை மூட்டைக் கணக்கில் வாங்குவது வழக்கம். சத்துக் கணக்கில் வாங்குவதே முறை. 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. அதில் நூற்றுக்கு 46 பங்காக 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. ஆகவே ஒரு கிலோ தழைச்சத்தின் விலை சுமார் 13 ரூபாய். டி.ஏ.பி. 50 கிலோ மூட்டையின் விலை 1,350 ரூபாய். அதில் 9 கிலோ தழைச்சத்தும் 23 கிலோ மணிச்சத்தும் உள்ளன. தழைச்சத்திற்கு 117 ரூபாயைக் கழித்தால், மணிச்சத்து கிலோ ஒன்றுக்குச் சுமார் 54 ரூபாய் ஆகிறது. எந்தக் கலப்பு உரத்தையும் பெயரையும் பையின் நிறத்தையும் நம்பாமல் இவ்வாறே பிரித்துக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும்.

நடுத்தர வயதுடைய நெல்லுக்கு மண் பரிசோதனை இல்லாத நிலையில் ஏக்கருக்குச் சுமார் 60 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 20 கிலோ சாம்பல் சத்து என்பது பொதுவான சிபார்சு. மண்ணில் ஒரு சத்து மிகுந்திருப்பின் அதில் நான்கிலொரு பங்கைக் குறைக்கலாம். குறைந்திருப்பின் அதே அளவு கூட்ட வேண்டும். ஆண்டுதோறும் டி.ஏ.பி. இட்டுவந்த நஞ்சையில் மணிச்சத்து தேங்கியிருத்தல் கூடும். பரிசோதனை அதைக் காட்டுமாயின் 5 கிலோ மணிச்சத்தைக் குறைப்பதால் ஏக்கருக்குச் சுமார் 270 ரூபாய் மிஞ்சும், பயிருக்குக் கேடில்லை. பரிசோதனையின்றிக் குறைப்பவரோ இருட்டில் வெட்டுகிறார்.

மண்மாதிரி எடுக்கும் விதம் எளிது. வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் மேற்குப்பையை நீக்கி, ஆங்கில வீ எழுத்தைப் போல 15 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குழி வெட்டி, அதன் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரநிழல் ஆகியவை தவிர்க்கத்தக்கவை. யாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிரான இரு பகுதிகளை நீக்கி, அரைக்கிலோ எஞ்சும்வரை இவ்வாறே செய்து, துணிப்பையிலிட்டு, பெயரும் புல எண்ணும் முன்பயிரும் எழுதி அனுப்ப வேண்டும்.

இனி யூரியாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது மலிவாகையால் மிகையாக இடப்படுகிறது. கூடுதலாக ஒரு மூட்டை இடுவதால் ஆகும் செலவு 266 ரூபாயோடு முடிவதில்லை. தழைச்சத்து மிகுந்த பயிர் கரும்பச்சையாய்ச் செழித்து, இலைச்சுருட்டுப்புழுவையும் புகையானையும் குலைநோயையும் வரவேற்கிறது. தண்டு மெலிந்து காற்றில் சாய்கிறது. சாய்ந்த கதிர் நனைந்து நிறம் மாறுகிறது. அதன் பின் வாங்கும் மருந்தின் விலை அம்மூட்டையின் விலையைப் பன்மடங்கு விஞ்சும். ஆகவே யூரியாவைக் குறைப்பது பணத்திற்காக மட்டுமன்று, தரத்திற்காகவுமாம்.

எப்போது இடவேண்டுமென்பதை இலை வண்ண அட்டை தெரிவிக்கும். நட்ட 14-ஆம் நாள் முதல் பூக்கும் வரை வாரம் ஒருமுறை காலை வேளையில், பத்துப் பயிர்களில் முற்றும் விரிந்த மேலிலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அப்போது அட்டையும் இலையும் பார்ப்பவர் உடல் நிழலில் இருத்தல் வேண்டும். பத்தில் ஆறு இலைகள் 4-ஆம் எண்ணின் நிறத்திற்குக் குறைந்திருந்தால் ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ யூரியா இடலாம். குறையாதிருந்தால் அவ்வாரம் வேண்டுவதில்லை. வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3-ஆம் எண்ணே அளவாகும்.

சாம்பல் சத்தை விலையேற்றத்தைக் கண்டு முற்றிலும் விடுவோர் பலர். மணி திரளுவதற்கும் தண்டு உறுதிப்படுவதற்கும் அது இன்றியமையாதது. அது குன்றினால் பதர் மிகும்.

மாற்று ஏற்பாடு: பசுந்தாளும் வைக்கோலும்

பிசான அறுவடை முடிந்து கார் நடவு வரும் வரை இவ்வட்டாரத்து நஞ்சைகள் பல தரிசாய்க் கிடக்கின்றன. சித்திரையில் கோடைமழை பெய்தவுடன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாட்களில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், நன்கு வளர்ந்த பயிர் ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ தழைச்சத்தை நிலத்திற்குத் தரும். இது ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம். யூரியா தராத மண்பதமும் இதனாற் கிடைக்கும். நீர் குறைந்த மேட்டு நிலத்திற்குக் கொழிஞ்சி தக்கது. ஒருமுறை நிலைபெற்றால் விழுந்த விதையிலிருந்து அதுவே மீண்டும் முளைக்கும்.

வைக்கோலைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் சாம்பல் சத்தில் பெரும்பங்கு மணியில் அன்று, வைக்கோலிலேயே தங்குகிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 15 கிலோ சாம்பல் சத்து இருக்கும். இயந்திர அறுவடைக்குப் பின் வைக்கோலைக் கட்டாக்கி விற்பவர் தம் நிலத்துச் சாம்பல் சத்தையும் உடன் விற்று, அடுத்த பருவத்தில் அதையே மூட்டையாக விலைக்கு வாங்குகிறார். மாடுடையோர் வைக்கோலை மாட்டுக்கு இட்டு எருவாகத் திருப்ப வேண்டும். மாடில்லாதோர் ஒரு பகுதியையேனும் வயலில் பரப்பி மடக்கி உழ வேண்டும். விற்பதாயின் கிடைக்கும் விலையில் உரத்தின் கிரயத்தைக் கழித்தே இலாபத்தை எண்ணுதல் வேண்டும்.

பெரும்பாலும் குறைக்கத்தக்க பொருள்: பூச்சி மருந்து

இந்தோனேசியாவின் பாடம் இங்கேதான் பயன்படும். நாள் கணக்கிட்டு மருந்தடிப்பதை விட்டு, பூச்சியை எண்ணி மருந்தடிக்க வேண்டும். வாரம் ஒருமுறை வயலில் குறுக்காக நடந்து இருபது குத்துக்களைப் பார்க்க. குருத்துப்பூச்சியால் தூர்ப்பருவத்தில் நூற்றுக்குப் பத்துக் குருத்துக்கள் காய்ந்திருந்தாலோ, கதிர்ப்பருவத்தில் நூற்றுக்கு இரண்டு வெண்கதிர்கள் காணப்பட்டாலோ மருந்து அவசியம். இலைச்சுருட்டுப்புழுவுக்குத் தூர்ப்பருவத்தில் பத்துச் சதவீத இலைச்சேதமும், பூக்கும்போது கண்ணாடி இலையில் ஐந்து சதவீதச் சேதமும் எல்லை. புகையான் தூருக்கு ஒன்று என்ற அளவை எட்டினால் கவனிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தியேனும் இருப்பின் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இவ்வெல்லைகளுக்குக் கீழே அடிக்கும் மருந்து பணத்தையும் நற்பூச்சிகளையும் ஒருங்கே அழிக்கிறது.

நடவின்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுதலும், புகையான் தோன்றியவுடன் நீரை வடித்தலும், வரப்புப் புல்லைச் செதுக்குதலும் விலையில்லா மருந்துகளாம்.

கூட்டாக வாங்குதல்

சிறு அளவில், பருவம் நெருங்கிய பின், கடனாக வாங்குவோர்க்கு விலையும் அதிகம், தரத்தைக் கேட்கும் உரிமையும் குறைவு. தமிழ்நாட்டில் 1904-ஆம் ஆண்டிலேயே திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியதும் இக்குறையைப் போக்கும் பொருட்டேயாம். இன்றும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் மூலமாகவோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமாகவோ, ஒரே மடையில் பாயும் சாகுபடியாளர்கள் சேர்ந்து தேவையைப் பட்டியலிட்டு, பருவத்திற்கு ஒரு மாதம் முன்னதாகக் கேட்டுப் பெறலாம்.

இலங்கையின் கப்பல் கற்பிப்பது யாதெனின், சரக்கு சோதிக்கப்படுமுன் பணத்தைக் கட்டிவிடலாகாது என்பதாம். சந்தேகமுள்ள உரத்தின் மாதிரியை 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி எடுத்துச் சோதிக்க உர ஆய்வாளர்க்கு அதிகாரம் உண்டு. பையின் தையல் பிரிக்கப்பட்டிராமலும், எடை சரியாகவும், ரசீது முறையாகவும் இருத்தலைப் பார்ப்பது வாங்குவோர் கடமை. யூரியாவை நீரிலிட்டால் முற்றும் கரைந்து நீர் குளிர வேண்டும். அடியில் மண்டி தங்கினால் ஐயத்திற்கு இடமுண்டு. வேண்டாத பொருளையும் சேர்த்து வாங்குமாறு கட்டாயப்படுத்தினால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முறையிடலாம்.

அறுவடையும் விற்பனையும்

வயலில் காத்த தரத்தைக் களத்தில் இழத்தலாகாது. சர்க்கார் கொள்முதலுக்குரிய பொதுவான அளவுகள் வருமாறு: ஈரம் 17 சதவீதம், கல், மண் முதலியன 1 சதவீதம், தூசு, வைக்கோல் முதலியன 1 சதவீதம், சேதமுற்ற, நிறம் மாறிய, முளைத்த, பூச்சியரித்த மணிகள் 5 சதவீதம், முற்றாத, சுருங்கிய மணிகள் 3 சதவீதம், தாழ்ந்த ரகக் கலப்பு 6 சதவீதம். இவை மேல் எல்லைகள். 2023 பிப்ரவரியில் காவிரிப் படுகையில் பருவந்தப்பிய மழையால் ஈர அளவு 20 சதவீதம் வரை தளர்த்தப்பட்டது உண்மையே. எனினும் தளர்வு வரும் வராது என்பது சாகுபடியாளர் கையில் இல்லை; உலர்த்துவதோ அவர் கையில் உள்ளது.

இவ்வளவுகளைக் கூர்ந்து நோக்கினால், முன் கூறிய ஒவ்வொரு விதியும் இங்கே பலன் தருவது விளங்கும். ரகக் கலப்பு விதையால் வருவது; முற்றாத மணி சாம்பல் சத்துக் குறைவாலும் மிகைத் தழைச்சத்தாலும் மிகுவது; நிறம் மாறுதல் பயிர் சாய்வதால் நேர்வது. கதிரில் நூற்றுக்கு எண்பது மணிகள் பழுத்தவுடன் அறுக்கலாம். அதற்கு ஒரு வாரம் முன்னரே நீரை வடித்துவிட வேண்டும். களத்தில் தார்ப்பாய் விரித்து உலர்த்துதலும் தூற்றுதலும் ஆகிய செலவுகளைக் குறைக்கவே கூடாது.

கிராம உத்தியோகஸ்தர் செய்யத்தக்கது

பரம்பரைக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகள் 1980-இல் நீக்கப்பட்டபின் கிராம நிர்வாக அலுவலரே நிலக்கணக்கிற்குப் பொறுப்பாளர். பயிர்ப்பரப்பை அடங்கலில் உரிய காலத்தில் பதிந்தால், கிராமத்திற்கு வேண்டும் உரத்தின் அளவு சங்கத்திற்கு முன்கூட்டியே தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல் கொடுப்போர் சிட்டாவுக்கும் அடங்கலுக்கும் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. ஈரநெல் ஒரு நாள் காத்திருப்பினும் நிறம் மாறும் என்பதை அவர்கள் நினைவிற் கொள்ளுதல் நலம். குத்தகைக்குப் பயிரிடுவோர் பெயர் கணக்கில் விடுபடாமல் பார்ப்பதும் முக்கியம்.

காலவரிசை

மாசி, பங்குனி: பிசான அறுவடையின்போது விதைக்குரிய பகுதியைத் தனியே அறுத்தல், அறுவடை முடிந்ததும் மண்மாதிரி எடுத்து அனுப்புதல்.

சித்திரை: கோடைமழையில் பசுந்தாள் விதைத்தல், சென்ற பருவத்தில் வாங்கிய பொருள்களின் கணக்கை எழுதி, சத்தின் விலையைக் கணித்தல்.

வைகாசி: முளைப்புச் சோதனையும் உப்புநீர்ச் சோதனையும் செய்தல், மண் பரிசோதனை முடிவைக் கொண்டு தேவையைப் பட்டியலிட்டுச் சங்கத்தில் கொடுத்தல், பசுந்தாளை மடக்கி உழுதல்.

ஆனி முதல்: நடவுக்குப் பின் வாரம் ஒருமுறை இலை நிறமும் பூச்சியும் பார்த்துக் குறித்தல்.

ஆவணி, புரட்டாசி: கார் விளைவைச் செலவோடு ஒப்பிட்டு, எதைக் குறைத்ததால் நன்மை, எதைக் குறைத்ததால் தீமை என்று ஆராய்ந்து, பிசானத்திற்குரிய பட்டியலைத் திருத்துதல்.

முதற் பருவத்தில் ஒரே வயலில் மட்டும் இம்முறையைக் கைக்கொண்டு, பக்கத்து வயலில் வழக்கப்படி செய்து, இரண்டின் செலவையும் விளைவையும் குறிப்பேட்டில் எழுதி ஒப்பிடுதல் உத்தமம். குறிப்பேட்டில் நன்மை தெரிந்த அளவிற்கே அடுத்த பருவத்தில் பரப்பைக் கூட்டுதல் வேண்டும்.